தந்தைக்குச் சர்க்கரை நோய், தாய்க்குக் கண்புரை: புதிய மருத்துவக் காப்பீட்டில் எதை எதிர்பார்க்கலாம்?

நெல்லை மகள் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 62. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கும், அதன்பின் வந்த இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். தாய்க்கு வயது 57. ஒரு கண்ணில் புரை தொடங்கியிருப்பதாக மருத்துவர் கூறியிருக்கிறார். இருவரும் இப்போது என் அலுவலகத்தின் குழுக் காப்பீட்டில் இருக்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு ஊரிலேயே சொந்தமாகத் தொழில் தொடங்க எண்ணியிருப்பதால், அவர்களுக்கெனத் தனியாக ஒரு பாலிசி எடுக்க விரும்புகிறேன். எங்களுக்குப் பழக்கமான ஏஜென்ட், "விண்ணப்பத்தில் சர்க்கரையைப் பற்றி எழுத வேண்டாம், ஐந்து ஆண்டு தாண்டிவிட்டால் யாரும் கேட்க முடியாது" என்கிறார். அப்படிச் செய்ய எனக்கு மனம் ஒப்பவில்லை. உண்மையை எழுதினால் பாலிசியே கிடைக்காமல் போகுமா? கிடைத்தால், மாதந்தோறும் ஆகும் மாத்திரை, பரிசோதனைச் செலவுகளும் அதில் வருமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

வைகைக்கரை எழுதியது:

வணக்கம் சகோதரி. தனியார் மருத்துவமனை ஒன்றின் காப்பீட்டுப் பிரிவில் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். ஏஜென்ட் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதனால் குடும்பங்கள் தவிப்பதை அடிக்கடி பார்க்கிறேன். தொடர்ந்து 60 மாதங்கள் பாலிசி நடப்பில் இருந்தால், விவரத்தை மறைத்தார் என்ற காரணத்தைக் காட்டி க்ளைமை, அதாவது சிகிச்சைச் செலவுக்கான கோரிக்கையை, மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் விதி வகுத்தது உண்மைதான். அதற்கு முன்பு இந்தக் காலம் எட்டு ஆண்டாக இருந்தது. ஆனால் மோசடி என நிறுவப்பட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை என்று அதே விதி சொல்கிறது. எட்டு ஆண்டு மாத்திரை எடுத்தவர் "எந்த நோயும் இல்லை" என்று கையெழுத்திடுவதை மறதி என்று யாரும் ஏற்கமாட்டார்கள். மேலும், 62 வயதுக்காரருக்கு அந்த ஐந்து ஆண்டுகளுக்குள் மருத்துவமனைச் சேர்க்கை வராது என்று யார் உறுதி சொல்ல முடியும்?

மறைத்தது எப்படி வெளிவருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவசரமாகச் சேர்க்கும்போது பணி மருத்துவர் "சர்க்கரை எவ்வளவு நாளாக இருக்கிறது?" என்று கேட்பார், நோயாளியோ உடன் வந்தவரோ உள்ளதைச் சொல்வார்கள், சொல்லத்தான் வேண்டும். அந்த வரி கேஸ் ஷீட் எனும் சிகிச்சைப் பதிவேட்டில் ஏறி, வீடு திரும்பும்போது தரும் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் வந்துவிடும். காப்பீட்டு நிறுவனம் முதலில் படிப்பது அந்த வரியைத்தான். பாலிசி தொடங்கிய தேதிக்கு முந்தைய நோய் அதில் இருந்து விண்ணப்பத்தில் இல்லையென்றால், க்ளைம் மறுக்கப்படுவதோடு பாலிசியும் இரத்தாகலாம்.

உண்மையை எழுதினால் பெரும்பாலும் பிரீமியத்தைக் கூட்டித் தருவார்கள், அல்லது மருத்துவப் பரிசோதனைக்கு அழைப்பார்கள். சில நிறுவனங்கள் மறுக்கவும் கூடும். அப்போது வேறு நிறுவனத்தை அணுகலாம். முன்பே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோய்க்கு க்ளைம் கிடைக்காத தொடக்கக் காலம், இப்போது அதிகபட்சம் 36 மாதங்கள்தான். சர்க்கரை நோயாளிகளுக்கென்றே வடிவமைத்த, காத்திருப்பு மிகக் குறைந்த பாலிசிகளும் சந்தையில் உள்ளன. பிரீமியம் கூடுதலாக இருக்கும்.

வேலையை விடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். குழுக் காப்பீடு வழங்கும் அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்குப் பெற்றோரை மாற்ற முடியுமா என்று மனிதவளப் பிரிவில் எழுத்துமூலம் கேளுங்கள். அப்படி மாறினால், குழுவில் தொடர்ந்து இருந்த காலம் காத்திருப்புக் கணக்கில் கழிக்கப்படும். வேலையை விட்டபின் கேட்டால் இந்த வாய்ப்பு கைநழுவக்கூடும்.

பொதுநல மருத்துவர் எழுதியது:

மாத்திரை, பரிசோதனை பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். வழக்கமான பாலிசி, குறைந்தது 24 மணி நேரம் உள்நோயாளியாக இருக்கும் சிகிச்சைக்கும், கண்புரை அறுவை, டயாலிசிஸ் போன்று அன்றே வீடு திரும்பும் சில சிகிச்சைகளுக்கும் உரியது. மாதாந்திர மாத்திரையும் வெளிநோயாளிக் கட்டணமும் அதில் வருவதில்லை. வெறும் பரிசோதனைக்காக மட்டும் படுக்கையில் சேர்ந்தாலும் க்ளைம் கிடைக்காது. ஆகவே சர்க்கரை நோயில், நோயைக் கட்டுக்குள் வைக்கும் அன்றாடச் செலவு குடும்பத்தினுடையது. கட்டுத் தவறியபின் வரும் மாரடைப்பு, பக்கவாதம், ஆறாத கால்புண் போன்றவற்றின் மருத்துவமனைச் செலவுதான் காப்பீட்டினுடையது.

இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் பலர் வெறும் வயிற்றுச் சர்க்கரையை மட்டும் பார்த்துவிட்டு நிறைவடைந்து விடுகிறார்கள். தங்கள் தந்தைக்கு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையைத் தவறாமல் செய்யுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தக் கிரியாட்டினின், சிறுநீர் ஆல்புமின் அளவுகள், விழித்திரை, பாத உணர்வு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். சிறுநீரகமும் விழித்திரையும் தொடக்கத்தில் எந்த வலியையும் தராமலே பழுதாகின்றன என்பதால், "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்ற சொல்லை நம்பிக் காத்திருக்கக் கூடாது. இரத்த அழுத்தமும் சேர்ந்திருப்பதால் சிறுநீரகத்தின் மீதான சுமை மேலும் கூடுகிறது. இதை அவரிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

இந்த அன்றாடச் செலவைக் குறைக்க அரசு வழி உண்டு. ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரைக்கும் அழுத்தத்திற்கும் மாத்திரைகள் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவை வீட்டிற்கே வந்து தரப்படுகின்றன. வசதியுள்ளவர்கள் இதை நாடத் தயங்குவதைக் காண்கிறேன், தயங்கத் தேவையில்லை.

கூடல்நகர் எழுதியது:

அம்மாவின் கண்புரை பற்றி யாரும் சொல்லவில்லை. புதிய பாலிசியில் கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்றவற்றுக்குத் தனியாக, பெரும்பாலும் இரண்டு ஆண்டுக் காத்திருப்பு இருக்கும். அது முடிந்தபின்னும் ஒரு கண்ணுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைத்திருப்பார்கள். அலுவலகக் காப்பீடு இருக்கும்போதே, மருத்துவர் சம்மதித்தால், அறுவையை முடித்துவிடுவது நல்லது. முடியாவிட்டாலும் கலங்க வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் திருநெல்வேலியிலும் கிளை உண்டு. அங்கே இலவசப் பிரிவும் கட்டணப் பிரிவும் இருக்கின்றன.

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். அதில் காத்திருப்புக் காலம் கிடையாது. தங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். இதைப் படிக்கும் வேறு யாருக்கேனும் பயன்படட்டும் என்றே எழுதுகிறேன்.

நெல்லை மகள் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவின் அறுவையைப் பற்றி இந்த வாரமே மருத்துவரிடம் பேசப் போகிறேன். ஒரு பாலிசியில் "அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் 1 விழுக்காடு" என்று இருக்கிறது, பிரீமியமும் குறைவு. கூடுதல் வாடகையை நாங்களே கட்டிவிட்டால் போதும்தானே?

வைகைக்கரை எழுதியது:

போதாது சகோதரி, டிஸ்சார்ஜ் நாளில் எங்கள் மேசையில் அதிகம் கண்ணீர் வருவது இதனால்தான். 5 லட்ச ரூபாய் பாலிசியில் ஒரு நாள் வாடகை வரம்பு 5,000 ரூபாய். நீங்கள் 8,000 ரூபாய் அறையில் தங்கினால், வாடகை வித்தியாசம் மட்டும் கழிக்கப்படுவதில்லை; மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவையும் எட்டில் ஐந்து பங்காகவே கிடைக்கும். அவை 1,60,000 ரூபாய் என்றால் 1,00,000 மட்டும் வரும், மீதி 60,000 உங்கள் பொறுப்பு. மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்தும் கருவிகள் ஆகியவற்றில் இந்த விகிதக் கழிவைச் செய்யக் கூடாது என்பது விதி; பில்லில் செய்திருந்தால் கேளுங்கள். இயன்றவரை வாடகை வரம்பில்லாத பாலிசியையே தேர்ந்தெடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவப் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லாததால், மிச்சமாகும் பணத்தை இந்தக் கூடுதல் பிரீமியத்திற்குத் திருப்பலாம்.

பாலிசி ஆவணம் வந்ததும், அதனுடன் இருக்கும் விண்ணப்ப நகலில் சர்க்கரை, அழுத்தம், கண்புரை மூன்றும் பதிவாகியிருக்கின்றனவா என்று வரிவரியாகப் பாருங்கள். ஏஜென்ட் நிரப்பிய விண்ணப்பமானாலும் கையெழுத்து உங்களுடையதுதான். விடுபட்டிருந்தால் உடனே மின்னஞ்சலில் திருத்தம் கோருங்கள். திருத்த மறுத்தால், ஆவணம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் பாலிசியைத் திருப்பிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு.