செண்டுமல்லியை மான் தின்னாது என்று சொன்ன புண்ணியவான்களுக்கு (நியூ ஜெர்சி)

மண்வெட்டி:
போன வாரம் கொத்தமல்லி அக்கா இங்கே எழுதியிருந்தார்: "வரப்பு முழுக்கச் செண்டுமல்லி நடுங்கள், அந்த வாசனைக்கு மான் எட்டிக்கூடப் பார்க்காது." நம்பி 48 நாற்று வாங்கி வந்து சனிக்கிழமை முதுகு ஒடிய நட்டேன். திங்கள் காலையில் 48 குச்சிகள் நிற்கின்றன. வேலியே பயிரை மேய்ந்த கதை கேட்டிருக்கிறேன். இங்கே மான் வேலியை மேய்ந்துவிட்டு, பயிருக்கும் வந்துவிட்டது. வெண்டை, அவரை எல்லாம் காலி.

கொத்தமல்லி:
தம்பி, நான் பிரிட்ஜ்வாட்டரில் 11 வருஷமாகத் தோட்டம் போடுகிறேன். என் செண்டுமல்லியில் ஒரு இலை போனதில்லை. நீங்கள் நட்டது முதலில் செண்டுமல்லிதானா? கடையில் சாமந்தியைக் கொடுத்திருப்பார்கள்.

மண்வெட்டி:
நிலக்கோட்டைச் சந்தையில் செண்டுமல்லியை மூட்டை மூட்டையாகப் பார்த்து வளர்ந்தவனிடம் இந்தக் கேள்வியா? இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்துத்தான் வாங்கினேன்.

கோணல்கத்தரி:
மானாக இருக்காது, முயல் வேலை. கடித்த இடத்தைப் பாருங்கள். முயல் கடித்தால் கத்தரிக்கோல் வைத்த மாதிரி சாய்வாக, சுத்தமாக இருக்கும். மானுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. பிய்த்துத்தான் இழுக்கும். தண்டு நார் நாராகத் தொங்கும்.

மண்வெட்டி:
நார் நாராகத்தான் தொங்குகிறது ஐயா. பக்கத்தில் ஈர மண்ணில் இரண்டாகப் பிளந்த குளம்புத் தடம் வேறு. உங்கள் ஊர் முயல் குளம்பு மாட்டிக்கொண்டுதான் நடக்குமோ?

எட்டடிவேலி:
ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் நம் மாநிலத்துக்கென்றே ஒரு செடிப் பட்டியல் வைத்திருக்கிறது. மான் எவ்வளவு சேதம் செய்யும் என்று நாலு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் வகைக்கே 'அரிதாகச் சேதமாகும்' என்றுதான் பெயர். 'தின்னவே தின்னாது' என்று ஒரு வகையே கிடையாது. பசி எடுத்தால் எதையும் கடித்துப் பார்க்கும். டாஃபடில், லாவண்டர், புதினா, பூண்டு பக்கம் அதிகம் போகாது. டூலிப், ஹோஸ்டா இரண்டும் அதற்குக் கல்யாணச் சாப்பாடு.

கொத்தமல்லி:
டாஃபடிலை யார் கேட்டார்கள்? பேச்சு செண்டுமல்லியைப் பற்றி. அதிலும் நெட்டையாக வளர்வது ஒன்று, குட்டை ஒன்று. ஆப்பிரிக்கன், பிரெஞ்சு என்பார்கள், இரண்டுமே மெக்சிகோ பக்கத்துச் செடி, அது வேறு கதை. நான் சொன்னது குட்டை. தம்பி நெட்டையை நட்டிருப்பார்.

மண்வெட்டி:
வந்துவிட்டது பாருங்கள். முதலில் சாமந்தி என்றார், இப்போது நெட்டை என்கிறார். போன வாரப் பதிவில் 'குட்டை' என்ற சொல் எங்கே இருக்கிறது? நான் நட்டது குட்டைதான். முழங்கால்கூட வராது. இப்போது கணுக்கால்கூட வராது.

பழையகிண்டி:
நான் சென்னையிலிருந்து எழுதுகிறேன். கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டிய குடியிருப்பில் 20 வருஷம் இருந்தோம். புள்ளிமான் வாசல்வரை வரும். அரளியை மட்டும் தொடாது. அரளி வையுங்கள், தீர்ந்தது.

மண்வெட்டி:
சார், அது புள்ளிமான், இது வெள்ளைவால் மான். அதைவிட முக்கியம், ஜனவரியில் இங்கே அரளியை வெளியே விட்டால் மான் வரும்வரை அது உயிரோடு இருக்காது.

பழையகிண்டி:
மான் மான்தான். விஷம் விஷம்தான். தலைப்பில் நியூ ஜெர்சி என்று போட்டால் சென்னைக்காரன் வாய் திறக்கக் கூடாதா?

மல்லிகைப்பந்தல்:
முட்டையைத் தண்ணீரில் அடித்துத் தெளியுங்கள். அழுகிய முட்டை நாற்றம்தான் கடையில் விற்கும் பல மான்விரட்டிகளிலும் இருக்கிறது. மழை பெய்தால் திரும்பத் தெளிக்க வேண்டும். வடிகட்டாமல் ஊற்றினால் தெளிப்பான் அடைத்துக்கொள்ளும், அனுபவம்.

கொத்தமல்லி:
நாங்கள் முட்டையை வீட்டுக்குள்ளேயே கொண்டுவர மாட்டோம். பூஜைக்குப் பறிக்கிற பூவில் முட்டையைத் தெளிப்பதா? நல்ல யோசனை.

மல்லிகைப்பந்தல்:
உங்களை யார் தெளிக்கச் சொன்னார்கள் அக்கா? உங்கள் வீட்டுக்குத்தான் மானே வராதே.

கோணல்கத்தரி:
முயல் என்பதை நான் இன்னும் விடவில்லை. முயல் தின்ற பிறகு மான் அந்த வழியாக நடந்து போயிருக்கலாம்.

மண்வெட்டி:
நடைப்பயிற்சிக்கு வந்திருக்கும். சரி, பழைய கணக்கையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் அக்கா கொடுத்த கறிவேப்பிலைக் கன்று நவம்பரிலேயே கருகியது. அப்போதும் "என்னுடையது நன்றாக இருக்கிறதே" என்றுதான் சொன்னார். அவர் வீட்டில் எல்லாமே நன்றாக இருக்கும். சுற்றிலும் எட்டடிக்கு வலைவேலி போட்டிருக்கிறார், கன்று வாங்க வந்தபோது என் கண்ணால் பார்த்தேன். மான் உள்ளேயே வர முடியாது. அப்புறம் செண்டுமல்லி காப்பாற்றியது என்று கதை!

கொத்தமல்லி:
கன்றை அக்டோபரிலேயே வீட்டுக்குள் எடுத்து வைக்கச் சொன்னேன். வைத்தீர்களா? வேலி போட்டது மூன்று வருஷத்துக்கு முன்புதான். அதற்கு முன் எட்டு வருஷம் வெறும் செண்டுமல்லிதான்.

எட்டடிவேலி:
அப்படியானால் வேலி எதற்குப் போட்டீர்கள்?

கொத்தமல்லி:
அது பக்கத்து வீட்டு நாய்க்கு.

மண்வெட்டி:
நாய்க்கு எட்டடி. குறித்துக்கொள்ளுங்கள் மக்களே.

மண்வெட்டி:
புதன் இரவு கேமரா வைத்தேன். குச்சிக்குப் பக்கத்தில் வேண்டுமென்றே ஒரு தொட்டி புதுச் செண்டுமல்லி. இரவு 2:40. படம் இணைத்திருக்கிறேன். பெட்டை மான், வாயோரம் மஞ்சள் பூ தொங்குகிறது. இதற்கு என்ன சொல்கிறார் அக்கா?

கோணல்கத்தரி:
தின்கிறதா, முகர்கிறதா? படத்தில் தெளிவாக இல்லையே.

கொத்தமல்லி:
பெரிதாக்கிப் பார்த்தேன். இதழ் அடுக்கைப் பார்த்தால் சாமந்தி மாதிரிதான் தெரிகிறது.

மண்வெட்டி:
தொட்டியில் செருகியிருந்த அட்டையையும் படம் எடுத்துப் போடுகிறேன், இருங்கள்.

மல்லிகைப்பந்தல்:
எடிசன் பக்கம் யாரிடமாவது வெண்டை நாற்று மிச்சம் இருக்கிறதா?