பள்ளி இணைப்பு தினமும் இரவில் நின்றுவிடுகிறது, அவசர உதவி

காட்டுவழி:
வணக்கம். மலைமேல் உள்ள பழங்குடிக் குடியிருப்பின் பள்ளிக்கு அடிவாரத்திலிருந்து வயர்லெஸ் இணைப்பு கொடுத்திருக்கிறோம். மூன்று மாதம் நன்றாக ஓடியது. இரண்டு வாரமாக இரவு எட்டு மணிவாக்கில் நின்று, காலையில் தானே வந்துவிடுகிறது. பிள்ளைகள் ஒன்பது பேர் திங்கட்கிழமைக்குள் கல்லூரி விண்ணப்பம் ஏற்ற வேண்டும். பகலில் வேலைக்குப் போகிறவர்கள், இரவில்தான் வர முடியும். என்ன செய்யலாம்?

இழைநேசன்:
எவ்வளவு தூரம்? எந்த அலைவரிசை? சிக்னல் எவ்வளவு? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது?

பசுங்கிளை:
நடுவில் மரம் இருக்கிறதா? எதிர்முனை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. 5.8 கிகாஹெர்ட்ஸில் 6 கி.மீ. என்றால் நடுவழியில் ஃபிரெனெல் மண்டலத்தின் (இரு முனைக்கும் இடையிலான நேர்கோட்டைச் சுற்றி அலை பரவிச் செல்லும் இடம்) ஆரமே ஏறக்குறைய 8.8 மீட்டர். அதில் 60 சதவீதமாவது தடையில்லாமல் இருக்க வேண்டும். மழைக்குத் தழைத்த கிளைகள்தான் காரணம். கம்பத்தை உயர்த்துங்கள்.

அலைமூத்தோன்:
தம்பி, அடிப்படையைப் படித்துவிட்டுக் கேட்டிருக்கலாம். ரேடாரோடு பகிர்ந்துகொள்ளும் டிஎஃப்எஸ் சேனலில் வைத்திருப்பீர்கள். ரேடார் தட்டுப்பட்டால் கருவி அந்தச் சேனலை விட்டே ஆக வேண்டும். சேனலை மாற்றுங்கள், முடிந்தது.

இழைநேசன்:
ரேடார் என்றால் சில நிமிடத்தில் வேறு சேனலில் வந்துவிடுமே. விடியும்வரை ஏன் படுத்திருக்கிறது?

தொலைவானம்:
செயற்கைக்கோள் டிஷ் வைத்துவிடுங்கள். இப்போது சில நூறு கி.மீ. உயரத்திலேயே சுற்றுகின்றன. 35,786 கி.மீ. மேலே இருந்தவற்றின் தாமதம் இதில் கிடையாது.

இழைநேசன்:
மாதாமாதம் கட்டணத்தை யார் கட்டுவது? ஃபைபர்தான் நிலைக்கும். ஜிபான் என்ற ஃபைபர் முறை 20 கி.மீ. வரை போகும், நடுவழியில் மின்சாரமே தேவையில்லை.

தொலைவானம்:
காட்டுக்குள் பள்ளம் தோண்ட அனுமதி வாங்கி முடிப்பதற்குள் அந்தப் பிள்ளைகள் படிப்பையே முடித்திருப்பார்கள்.

பசுங்கிளை:
அலைக்கற்றை அந்த மக்கள் கையிலேயே இருக்க வேண்டும் என்பேன். அமெரிக்காவில் 2020இல் கிராமப்புறப் பழங்குடி நிலங்களுக்கு 2.5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை அவர்களே முதலில் கேட்டுப் பெற வழி திறந்தார்கள்.

காட்டுவழி:
மன்னிக்கவும், இப்போதுதான் பார்த்தேன். 6 கி.மீ., 5.8தான், டிஎஃப்எஸ் சேனல் இல்லை. சிக்னல் மைனஸ் 61 டிபிஎம் (நல்ல அளவுதான்), நிற்கும் நிமிடம்வரை அதே அளவு. மேல்முனை சோலாரில் ஓடுகிறது. ஒரு பேனல், ஒரு 12 வோல்ட் பேட்டரி.

விளக்குத்திரி:
சோலார் என்பதுதான் முக்கியமான தகவல். இலை மறைத்தால் சிக்னல் மெல்ல இறங்கும், இப்படிச் சட்டென்று போகாது. காலையில் இணைப்பு வந்ததும் கருவியின் அப்டைம், அதாவது ஆன் ஆகி எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பாருங்கள். சில நிமிடம்தான் காட்டினால் இரவு முழுக்க அதற்கு மின்சாரமே இல்லை. ஏழரை மணிக்கு பேட்டரி முனையில் மல்டிமீட்டர் வையுங்கள். 11 வோல்ட்டை ஒட்டி இருந்தால் பேட்டரியைக் காக்கும் சோலார் கன்ட்ரோலர்தான் மின்சாரத்தை வெட்டுகிறது.

காட்டுவழி:
அப்டைம் 40 நிமிடம். பேட்டரி 11.1. பெட்டிக்குப் பின்னால் ஒரு வயர் இழுத்து, பலகையில் எட்டு போன்கள் சார்ஜில் கிடக்கின்றன. குடியிருப்பில் வேறு மின்சாரம் இல்லை. இரண்டு வாரமாக மேகமூட்டம் வேறு.

அலைமூத்தோன்:
முதலில் அந்த வயரைப் பிடுங்குங்கள்.

விளக்குத்திரி:
பிடுங்காதீர்கள் அண்ணா. போனில் சார்ஜ் இல்லாத ஊருக்கு இணைப்பு போய் என்ன பயன்? போன்களுக்குத் தனி பேனல், தனி பேட்டரி வையுங்கள். அதுவரை பகல் வெயிலில் மட்டும் சார்ஜ் போடச் சொல்லுங்கள், ஊரார் கேட்பார்கள்.

காட்டுவழி:
பேசினோம், ஒத்துக்கொண்டார்கள். நேற்று இரவு பதினொன்றரை வரை ஓடியது. ஏழு விண்ணப்பம் போய்விட்டது. இரண்டு பேருக்கு இன்று.