மறு: பேஸ்மேக்கருக்குத் தமிழ் – ‘இதயமுடுக்கி’க்குப் பதில் ‘துடிப்பி’?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான இதயக் கட்டுரைக்கு ஒரு சொல் கேட்டுத் தொடங்கிய இழை, நடுவில் தமனியா நாடியா என்ற பழைய பஞ்சாயத்துக்குள் போய்விட்டது. அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். இங்கே பேஸ்மேக்கரை மட்டும் பேசித் தீர்க்கலாம். இதயத்தைத் தாளத்தில் துடிக்க வைக்கும் இயற்கைக் கணுவுக்கும், அந்த வேலைக்காக நெஞ்சில் பதிக்கும் கருவிக்கும் அதுவே பெயர். இரண்டுக்கும் ‘துடிப்பி’ என்பது என் முன்மொழிவு. ‘இதயமுடுக்கி’யே இருக்கட்டும் என்ற எதிர்த்தரப்பு வாதம் முழுவதும் குழும அண்ணா ஒருவரின் கடைசி மடலில் கோவையாக இருப்பதால் அதையே வரிவரியாக எடுத்துக்கொள்கிறேன்.

> ‘இதயமுடுக்கி’ நாளிதழில் வந்துவிட்டது, இணையத்தில் வந்துவிட்டது. வேர்விட்ட சொல்லைப் பிடுங்குவது வீண் வேலை.

வேர்விட்டதா என்பதில்தான் எனக்குச் சந்தேகம், அண்ணா. அந்தக் கருவியை நெஞ்சில் வைத்திருப்பவரும் அவர் வீட்டாரும் ‘பேஸ்மேக்கர் வச்சிருக்கு’, ‘பேட்டரி மாத்தணும்’ என்றுதான் பேசுகிறார்கள். முடுக்கி அச்சில் மட்டுமே புழங்குகிறது. அச்சில் இருப்பதை அச்சிலேயே திருத்தலாம், ஒருவர் வாயிலிருந்தும் எதையும் பிடுங்க வேண்டியதில்லை.

திருத்த வேண்டிய காரணம் அதன் பொருள். முடுக்குதல் விரைவுபடுத்துதல். இயற்பியல் பாடத்தில் முடுக்கம் படிக்கிறார்கள். துகள்களை ஒளியின் வேகத்துக்கு நெருக்கமாகக் கொண்டுபோகும் எந்திரம் துகள் முடுக்கி. தொல்காப்பியம் அடுக்கும் வண்ணங்களில்கூட முடுகு வண்ணம் என்று ஒன்று உண்டு, அதுவும் விரைந்தோடும் நடைதான். இவ்வளவும் பழகிய பிள்ளை ‘இதயமுடுக்கி’ என்று படித்தால், இதயத்தை வேகமாக ஓட வைக்கிற ஏதோ ஒன்று என்றுதான் எடுத்துக்கொள்ளும். (திருநெல்வேலிப் பக்கம் முடுக்கு என்றால் சந்து. அதை நான் வாதத்தில் சேர்க்கவில்லை.)

> முடுக்கிவிடுவது என்றால் தொடக்கிவைப்பது என்றும் பொருள் உண்டே. இதயத்தைத் தொடக்கிவைப்பது அதுதானே?

‘பணிகள் முடுக்கிவிடப்பட்டன’ என்று செய்தியில் வந்தால், தூங்கிக்கிடந்த பணிகள் வேகம் பிடித்தன என்றுதான் யாரும் புரிந்துகொள்வார்கள். அது இருக்கட்டும். உடம்புக்குள் நடப்பதைப் பார்த்தால் இந்தச் சொல் இன்னும் மோசமாகப் பொருந்துகிறது.

வலது ஆரிக்கிளின் (இதய மேலறையின்) மேல்சுவரில், மேற்பெருஞ்சிரை வந்து திறக்கும் இடத்தருகே சைனோ ஏட்ரியல் கணு இருக்கிறது. ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் நீளம், சில மில்லிமீட்டர் அகலம். இதயத்தின் சாதாரணத் தசைச் செல்கள், தூண்டல் வந்து சேரும்வரை மின்னழுத்தம் மாறாமல் சும்மா இருக்கும். கணுவின் செல்களுக்கு அந்தச் சும்மா இருத்தல் கிடையாது. ஒரு துடிப்பு முடிந்ததுமே சோடியம் அயனிகள் மெல்ல உள்ளே கசியத் தொடங்கும். மின்னழுத்தம் ஏறிக்கொண்டே வந்து ஒரு வரம்பைத் தொட்டதும் கால்சியம் வாயில்கள் திறக்கும், அடுத்த துடிப்பு பிறக்கும். 1979-இல் இந்தக் கசிவை விவரித்த ஆய்வாளர்கள் அதன் விசித்திரப் போக்கைப் பார்த்து ‘வேடிக்கையான மின்னோட்டம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கலைச்சொல் ஆக்கும்போது முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை.

இந்தக் கணுவை நரம்புகளின் பிடியில்லாமல் அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்கு 100 தடவை அளவில் துடிக்கும். மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களிடம் இதை நேரிலேயே பார்க்கலாம். இதயத்துக்கு வரும் நரம்புகள் அறுபட்டிருப்பதால், அவர்களுக்கு உட்கார்ந்திருக்கும்போதே 90 முதல் 110 வரை துடிப்பு இருக்கும். அப்படியானால் நமக்கு ஓய்வில் 70 எப்படி வருகிறது? மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இழுத்துப் பிடிப்பதால் வருகிறது. தமிழ்க் காதுக்குப் பெயரில் வேகம் கேட்கிறது, செய்வதோ வேகத்தைக் குறைக்கும் வேலை! இலத்தீனில் அந்தப் பெயருக்கு அலைந்து திரிவது என்று பொருள். 1921-இல் ஓட்டோ லோவி ஒரு தவளையின் இதயத்தில் வேகஸைத் தூண்டி, அந்த இதயத்தில் ஊறிய திரவத்தை எடுத்து இன்னொரு தவளை இதயத்தில் விட்டார். இரண்டாவதும் மெதுவானது. நரம்பு கசியவிடும் வேதிப்பொருள்தான் இதயத்தைத் தணிக்கிறது என்று அப்படித்தான் தெரியவந்தது. பிறகு அது அசிட்டைல்கோலின் என்று உறுதியானது, 1936-இல் நோபல் பரிசும் வந்தது.

ஆக, ஓய்வில் இருக்கும் உடம்பில் கணுவை யாரும் முடுக்கவில்லை, அடக்கித்தான் வைத்திருக்கிறார்கள். மாடிப்படி ஏறும்போதோ பயந்துபோகும்போதோ முடுக்குவது பரிவு நரம்புகளும் அட்ரினலினும். இதயத்தில் ‘முடுக்கி’ என்ற பட்டம் யாருக்காவது கொடுத்தே ஆகவேண்டும் என்றால் அவற்றுக்குக் கொடுக்கலாம். கணுவுக்குக் கொடுத்துவிட்டால் அட்ரினலின் என்ன செய்கிறது என்று விளக்கும்போது நமக்குச் சொல் இருக்காது.

> ‘இதய இயக்கி’, ‘நாடியாக்கி’, ‘இதயச் சீராக்கி’ – இவற்றில் ஒன்று போதாதா?

இயக்கி என்றால், இதயத்தை அழுத்திப் பிழிந்து இரத்தத்தைத் தள்ளுவதே அதுதான் என்று ஆகிவிடும். பிழிவது வெண்ட்ரிக்கிள் (கீழறை) தசை. கணு கொடுப்பது ‘இப்போது’ என்ற குறிப்பு மட்டும்.

நாடியாக்கிக்கு யாழ்ப்பாணத்து அக்கா எழுதிய பதிலே போதும்:

> நாடி எண்டால் எங்கட பிள்ளைகளுக்கு இதயத்தில இருந்து இரத்தத்தைக் கொண்டுபோற குழாய். நாடியாக்கி எண்டு எழுதினால் குழாய் செய்யிற தொழிற்சாலை எண்டு நினைப்பினம். முடுக்கியும் சரிவராது. உங்கட முடுக்கம் எங்களுக்கு ஆர்முடுகல், அங்கையும் வேகம்தான் நிக்குது.

தமிழ்நாட்டில் நாடி பிடித்துப் பார்ப்பது துடிப்பை. இலங்கைப் பாடநூலில் நாடி என்பது தமனி, நாளம் என்பது சிரை. இரண்டு பக்கத்துக்கும் செல்ல வேண்டிய கட்டுரையில் இந்தச் சொல்லைத் தொடாமல் இருப்பதே நல்லது.

சீராக்கி கொஞ்சம் யோசிக்க வைத்தது. ஆனால் வெண்ட்ரிக்கிள் தசை ஒழுங்கில்லாமல் உதறும்போது அதிர்ச்சி கொடுத்து நிறுத்தும் கருவி ஒன்று இருக்கிறதே, டீஃபிபிரிலேட்டர், சீராக்கி என்ற பெயர் அதற்குத்தான் இயல்பாகப் பொருந்தும். நெஞ்சில் பதிக்கும் வகையும் அதில் உண்டு. இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டுப் பின்னால் சங்கடப்பட வேண்டாம்.

‘முன்னத்திக் கணு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வாசித்ததும் எனக்கு அவ்வளவு பிடித்தது. வயலில் பல ஏர்கள் உழும்போது முன்னத்தி ஏர் போகும் நடையில்தான் மற்றவை போகும். இதயத்திலும் தானே துடிக்கத் தெரிந்த இடங்கள் பல இருக்கின்றன. ஆரிக்கிளுக்கும் வெண்ட்ரிக்கிளுக்கும் இடையிலுள்ள ஏட்ரியோ வெண்ட்ரிகுலார் கணு தனியே விட்டால் நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவையும், அதற்குக் கீழே பர்கின்ஜி இழைகள் 20 முதல் 40 தடவையும் துடிக்கும். அவை தம் முறைக்கு எழும்புவதற்குள் மேலிருந்து சைகை வந்துவிடுகிறது, அதனால் பின்னேயே போகின்றன. முன்னத்தி நின்றுபோனால் அடுத்தது முன்னத்தி ஆகிவிடும், நடை மட்டும் மந்தமாகும். உவமை இவ்வளவு பொருந்தியும் நான் இதைக் கலைச்சொல்லாக எடுக்காததற்குக் காரணம், நெஞ்சில் வைக்கும் கருவிக்கு இது ஒட்டவில்லை. கட்டுரைக்குள் ஒரு வாக்கியமாக வரட்டும். அதை எழுதியவரே அந்தப் பத்தியை எழுதிக்கொடுத்தால் இன்னும் நல்லது.

கருவி விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன், எந்த இடத்தில் கோளாறு வருகிறது என்று தெரிய வேண்டும். ஆரிக்கிள்களுக்கும் வெண்ட்ரிக்கிள்களுக்கும் நடுவே நார்த்திசுத் தட்டு ஒன்று மின்னோட்டம் பாயாதபடி மறித்து நிற்கிறது. அதைத் தாண்ட ஒரே வழி ஹிஸ் கற்றை. வில்ஹெல்ம் ஹிஸ் 1893-இல் கண்டது. அதன் தலைவாசலில் இருக்கும் ஏட்ரியோ வெண்ட்ரிகுலார் கணுவை 1906-இல் ஜப்பானியரான சுனாவோ தவாரா ஜெர்மனியில் இருந்தபோது விவரித்தார். சைனோ ஏட்ரியல் கணு அடுத்த ஆண்டு ஸ்காட்லாந்துக்காரர் கீத், ஆங்கிலேயர் ஃபிளாக் என்ற இருவரின் கட்டுரையில் வெளிவந்தது. அவர்களில் மாணவரான ஃபிளாக் அதை முதலில் பார்த்தது, மண்ணைத் தோண்டி வாழும் மோல் என்ற சிறு விலங்கின் இதயத்தில்.

தவாராவின் கணு சைகையைப் பத்தில் ஒரு பங்கு நொடி தாமதித்துத்தான் கீழே விடும். அந்தத் தாமதத்தில் ஆரிக்கிள்கள் சுருங்கி வெண்ட்ரிக்கிள்களை நிரப்பிவிடும். பிறகு சைகை பர்கின்ஜி இழைகளில் விரைந்து பரவ, வெண்ட்ரிக்கிள் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சுருங்கி இரத்தத்தைப் பெருந்தமனிக்குள் தள்ளும். ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லிலிட்டர், நிமிடத்துக்கு 5 லிட்டர் அளவு. இந்த வழி அடைபட்டால் மேலே ஆரிக்கிள்கள் 70-இல் துடித்துக்கொண்டிருக்க, கீழே வெண்ட்ரிக்கிள்கள் 30, 40 என்று தம் போக்கில் தள்ளாடும். மூளைக்கு இரத்தம் போதாமல் ஆள் மயங்கி விழுவார்.

சுவீடனின் ஆர்னே லார்சன் அப்படி ஒரு நாளிலேயே பலமுறை மயங்கி விழுந்துகொண்டிருந்தவர். 1958 அக்டோபர் 8 அன்று அறுவை மருத்துவர் ஆக்கே சென்னிங், பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட் செய்துகொடுத்த கருவியை அவர் உடம்பில் பதித்தார். ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்து வார்த்தது அது. சில மணி நேரத்தில் நின்றுபோனது. லார்சன் நிற்கவில்லை, கருவி மேல் கருவியாக மாற்றிக்கொண்டு 2001 வரை வாழ்ந்தார். சென்னிங்கும் எல்ம்க்விஸ்டும் இறந்த பிறகும் அவர் இருந்தார்!

இன்றைய கருவிகள் இதயத்தை உற்றுக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. குறித்த இடைவெளிக்குள் இதயம் தானாகத் துடித்துவிட்டால் கருவி வாய் திறக்காது. துடிப்பு வராவிட்டால்தான் ஒரு சிறு மின்துடிப்பை அனுப்பும். தேவையில்லாதபோது பேசாமலே இருக்கிற கருவிக்கு முடுக்கி என்று பெயர் வைத்திருக்கிறோம்.

> உடற்பயிற்சி செய்தால் தானே வேகம் கூட்டும் பேஸ்மேக்கர்கள் உண்டே?

உண்டு. உடம்பு அசைவதை உணர்ந்து நடையைக் கூட்டும் வகை. நல்ல மறுப்புதான், ஆனால் அது ஒரு வகையின் கூடுதல் திறன். அதை ‘நடை கூட்டும் துடிப்பி’ என்று அடைகொடுத்துச் சொல்லலாம். கூடுதல் திறனை வைத்துக் குடும்பத்துக்கே பெயர் வைக்க முடியாது.

சரி, ஏன் துடிப்பி? படி – படிப்பி, நட – நடப்பி என்பது போல துடி – துடிப்பி. நன்னூல் சொல்லும் ‘பி’ என்ற பிறவினை விகுதி. துடிக்கச் செய் என்பதற்கு மேல் அதில் எந்தப் பொருளும் ஏறியிருக்கவில்லை. துடிப்பு + இ என்று பிரிப்பவர்களுக்கும் ‘தொகுப்பி’ போலக் கருவிப்பெயராகவே நிற்கும். துடிப்பு என்ற சொல் கடலுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான், அக்காவுக்கும் இதில் ஆட்சேபணை இல்லை.

முக்கியமான வசதி, இதற்கு வினை உண்டு. ‘பேசிங்’ என்பதற்கு முடுக்கியை வைத்துக்கொண்டு முடுக்குதல் என்றால் தப்பாகிவிடும். துடிப்பித்தல் என்றால் ஒரு சிக்கலும் இல்லை. ‘வலது வெண்ட்ரிக்கிளைத் துடிப்பிக்கிறது’ என்று எழுதிப் பாருங்கள், நெருடவில்லை. சைனோ ஏட்ரியல் கணு இயற்கைத் துடிப்பி, கருவி செயற்கைத் துடிப்பி. தவாராவின் கணுவும் பர்கின்ஜி இழைகளும் காப்புத் துடிப்பிகள். கருவியிலிருந்து இதயத்துக்குள் போகும் வயர் துடிப்பிக் கம்பி. வயரே இல்லாமல் மாத்திரைக் குப்பி அளவில் இதயத்துக்குள்ளேயே உட்காரும் புது வகை கம்பியில்லாத் துடிப்பி. மின்கலமும் மின்சுற்றும் இருக்கும் பெட்டியைத் தனியே குறிக்க வேண்டிய இடத்தில் மின்துடிப்பாக்கி என்று வைக்கலாம். பள்ளிக் கட்டுரையில் அந்த இடம் வராது என்று நினைக்கிறேன்.

‘துடிப்பி என்றால் வலியில் துடிக்க வைப்பது என்று கேலி செய்வார்கள்’ என்று ஒரு மடல் வந்தது. செய்வார்கள்தான். ‘இதயத் துடிப்பி’ என்று முதல் தடவை முழுதாக எழுதிவிட்டு அப்புறம் சுருக்கினால் அது குறையும்.

எனக்கு இன்னும் பிடிபடாதது ஒன்றுதான். இயல்பான கணுவை விட்டு வேறெங்கோ இருக்கும் செல் கூட்டம் முந்திக்கொண்டு துடிப்பிக்கத் தொடங்கினால் அதை என்ன சொல்வது? ‘புறத்துடிப்பி’ அழகாக இருக்கிறது, ஆனால் அறுவைக்குப் பின் சில நாள் உடம்புக்கு வெளியே வைத்திருக்கும் தற்காலிகக் கருவிக்கு அது தேவைப்படும். ‘பிறிதிடத் துடிப்பி’ என்று அட்டவணையில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். இதைவிட வாய்க்கு இசைவாக யாருக்காவது தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், கட்டுரையை அன்று மாலை பக்கம் கட்டக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்.