மீன்குஞ்சுக்கு அடையாளம்: ‘வெப்பக்குறியிடல்’ சரிவருமா?

வணக்கம். பொரிப்பகங்களில் (மீன்முட்டைகளைப் பொரித்துக் குஞ்சு வளர்க்கும் இடங்கள்) இருந்து விடும் மீன்களைப் பின்னாளில் அடையாளம் காணும் முறைகளுக்குத் தமிழ்ச் சொற்கள் தேடும் பேச்சில், நண்பர் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> மார்க்கிங், டேகிங் இரண்டுக்கும் ‘அடையாளமிடல்’ போதுமே. தெர்மல் மார்க்கிங் என்பதை ‘வெப்பக்குறியிடல்’ எனலாம்.

போதாது ஐயா. துறைக்காரர்கள் இரண்டையும் பிரித்துத்தான் பேசுகிறார்கள். துடுப்பை நறுக்குவது, எலும்பில் சாயமேற்றுவது எல்லாம் உடம்பிலேயே செய்யும் மாற்றம், அது ‘குறி’. வெளியிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுபோய் வைத்தால் அது டேக். ஆடுமாடுகளுக்குக் ‘காதுவில்லை’ என்று ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் ‘வில்லை’யையே எடுத்துக்கொள்ளலாம்.

சால்மன் குஞ்சின் மூக்கில் செலுத்தும் கம்பித்துண்டை மட்டும் வில்லை என்றால் கொஞ்சம் இடிக்கும். 1.1 மி.மீ. நீளம், 0.25 மி.மீ. விட்டம்; அதன்மேல் எண் பொறித்திருக்கும். ‘எண்கம்பி’ என்றால் பார்த்ததும் புரியும். அந்த எண்ணைப் படிக்க மீனைக் கொன்று, கம்பியை வெளியே எடுத்து, நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். உள்ளே கம்பி இருப்பது வெளியே தெரியாதே என்றுதான் முதுகுத் துடுப்புக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கொழுப்புத் துடுப்பை நறுக்கிவிடும் வழக்கம் வந்தது. பிற்பாடு அமெரிக்காவின் வடமேற்கில், கம்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பொரிப்பகத்து மீன் என்று காட்டவே பெருமளவில் நறுக்கத் தொடங்கினார்கள். அதனால் ‘துடுப்பு நறுக்கு’ தனிக் கலைச்சொல்லாக நிற்கட்டும்.

இனி ‘வெப்பக்குறியிடல்’. இதைப் படிப்பவர் மனத்தில் சூட்டுக்கோல்தான் வரும். மீனுக்குச் சூடு வைக்கும் முறையும் தனியே உண்டு என்பதால் குழப்பம் இரட்டிப்பாகும். தெர்மல் மார்க்கிங்கில் மீனை யாரும் தொடுவதே இல்லை. முட்டையும், மஞ்சட்கரு வற்றாத குஞ்சும் இருக்கும் தொட்டித் தண்ணீரின் வெப்பநிலையைத் திட்டப்படி சில டிகிரி ஏற்றி இறக்குகிறார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் செவிக்கல்லில் (மீனின் உட்காதில் இருக்கும் சிறு கல்) ஒரு கருநிற வரி விழுகிறது. வரிகளின் இடைவெளியை மாற்றினால் பொரிப்பகத்துக்கு ஒரு கோலம் கிடைக்கும். அலாஸ்காவில் லட்சக்கணக்கான குஞ்சுகளுக்கு ஒரே நேரத்தில் இப்படிச் செய்கிறார்கள். வளர்ந்த மீன் பிடிபட்டதும் செவிக்கல்லைத் தேய்த்து, வரிகளைப் பார்த்துப் பிறந்த இடத்தைச் சொல்லிவிடலாம்.

எனவே என் பரிந்துரை ‘செவிக்கல் வரியிடல்’. வெப்பம் வழிமுறைதான், மீனில் மிஞ்சுவது வரி. (வருமான வரி நினைவுக்கு வரும் என்பார்கள். வரிக்குதிரையைப் பார்த்து யாரும் அப்படிப் பயப்படுவதில்லை.)

ஒன்று மட்டும் எனக்கே நிறைவாக இல்லை. பொரிப்பகத்தின் பெற்றோர் மீன்களின் மரபணுவைப் பதிந்துவைத்து, பின்னாளில் பிடிபடும் மீனின் மரபணுவோடு ஒப்பிட்டு எந்தப் பொரிப்பகம் என்று கண்டுபிடிக்கும் முறை. அங்கே குறியும் கிடையாது, வில்லையும் கிடையாது. ‘பெற்றோர்வழி அறிதல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாராவது சொன்னால் மாற்றிக்கொள்கிறேன்.