பெத்ரிகிவ்கா பூ வேலைப்பாட்டில் போரைச் சொல்வது: டாங்கி ஏன் ஒட்டவில்லை? வெடிமருந்துப் பெட்டி, ஷெல் உறையில் வரைவது எப்படி?

செம்பருத்தி (கேள்வி):
உக்ரைனின் பெத்ரிகிவ்கா ஊரில் வளர்ந்த பூ ஓவிய முறையில், அந்த நாட்டில் நடக்கும் போரைப் பற்றி ஓர் ஓவியத் தொடர் செய்ய வேண்டும். அடிப்படைப் பிரஷ் வீச்சுகள் கைக்கு வந்துவிட்டன. ஆனால் பூங்கொத்துக்கு நடுவே டாங்கி வரைந்தால் வேறு படத்திலிருந்து வெட்டி ஒட்டியதுபோல நிற்கிறது. காரணம் என்ன? வரையப்போவது வெடிமருந்துப் பெட்டியின் பைன் மர மூடியிலும் காலியான பித்தளை ஷெல் (பீரங்கிக் குண்டு) உறையிலும். பரப்பை எப்படித் தயார் செய்வது? முட்டைக்கரு வண்ணம் தாங்குமா, அக்ரிலிக்தான் வழியா?

கோட்டுமயில்:
ஒட்டாததற்குக் காரணம் வெளிக்கோடு. பெத்ரிகிவ்காவில் உருவத்தை வரைந்துகொண்டு உள்ளே வண்ணம் நிரப்புவதில்லை. ஒரு வீச்சு ஓர் இதழ், அவ்வளவுதான். "சீப்பு" வீச்சு அழுத்தத்தில் தொடங்கி ஊசிமுனையாக முடியும். "மணி" (தானிய மணி) வீச்சு அதற்கு நேர்மாறு, மெல்லிசாகத் தொடங்கி அழுத்தத்தில் முடியும். "மாறு" வீச்சில் பிரஷ்ஷை ஒரு நிறத்தில் தோய்த்து, நுனியில் மட்டும் இன்னொன்றைத் தொட்டு இழுக்கிறோம். டாங்கியோ நேர்விளிம்பும் மூடிய வடிவமும் கொண்டது. இந்த வீச்சுகளில் எதுவும் அதைப் பெற்றெடுக்காது. நீங்கள் அதற்கு மட்டும் கோடு போட்டு நிரப்பியிருப்பீர்கள், அதனால்தான் அந்நியமாக நிற்கிறது.

போரை அமைப்புக்குள் கொண்டுவாருங்கள். ஜாடியிலிருந்து ஒரே தண்டு எழுந்து இருபுறமும் கிளை சமமாக விரிகிற "வாசோன்" அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தண்டை மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் முறியுங்கள். இடப்பக்கம் முழுமையாக இருக்கட்டும். வலப்பக்கத்தில் வெறும் காம்புகள், இலை கிடையாது. கண் அந்தச் சமத்தை எதிர்பார்த்தே வருகிறது, ஆகவே இல்லாததை அதுவே பார்த்துக்கொள்ளும். செங்கனிகளை உடைய கலீனாக் கொத்தை விரல் நுனியால்தான் வைப்பார்கள்: சிவப்பில் ஒரு முறை தொட்டு, நேராக அழுத்தி, நேராகவே எடுக்க வேண்டும். விரலைத் திருப்பினால் கனி நசுங்கிய கறையாகிவிடும். அந்தக் கனிகளில் சிலவற்றை ஜாடியின் அடியில் உதிர்ந்தவையாக வையுங்கள். எதிரெதிரே ஜோடியாக வரும் குயில்களில் ஒன்றை மட்டும் வரைந்து, மற்றதன் இடத்தைக் காலியாக விடுங்கள். அந்த இடத்தில் ஒரு இலைகூடப் போடக்கூடாது. "கொஞ்சம் வெறிச்சென்று இருக்கிறதே" என்று நிரப்புகிற கைதான் இந்தப் படத்தைக் கெடுக்கும்.

பின்புலம் துக்கத்துக்காகக் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். கறுப்புப் பின்புலம் சோவியத் காலத்து அரக்குப் பெட்டி, தட்டு வேலைகளோடு பரவியது. அங்கே பார்ப்பவருக்கு அது பரிசுப்பொருள். பழைய இடம் வெள்ளையடித்த மண்சுவர். சுவர் இடிந்த வீடுகளைச் சொல்ல வந்த படத்துக்கு அந்த வெள்ளைதான் கனம் என்பது என் தீர்மானமான எண்ணம்.

பாப்பி மலரில் கவனம். உக்ரைனில் 2014 முதல் அது 1939–1945 போர் நினைவுநாளின் சின்னம். இன்றைய போரைச் சொல்ல அதை நடுவில் வைத்தால் பார்ப்பவர் வேறு போரை நினைப்பார். மால்வா, கலீனா, கற்பனைப் பூவான "குசெர்யாவ்கா" இவற்றுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

பலகைச்சீவல்:
பரப்பைப் பற்றி. முதலில் பாதுகாப்பு, இதில் சமரசம் வேண்டாம். உறை சுடப்பட்டு முடிந்ததுதான் என்பதை அடிப்பகுதியிலுள்ள பற்றவைப்பு மூடியில் குத்துத்தடம் பார்த்து, தெரிந்தவர் ஒருவர் உறுதி செய்த பிறகே கையில் எடுங்கள். களத்தில் கிடந்ததை எடுக்கவே கூடாது. சுட்ட உறையின் உள்ளே ஈயப்பொடி ஒட்டியிருக்கலாம். கையுறையோடு ஈரத்துணியால் துடைக்க வேண்டும், ஊதக்கூடாது.

பித்தளையில் அக்ரிலிக்கை நேரடியாகப் போட்டால் சில வாரத்தில் தோலாக உரியும், உலோகம் எதையும் உறிஞ்சாததால். 400 உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, அசிட்டோனில் எண்ணெய்ப்பசை போக்கிய பின் வெறும் கையால் தொடாதீர்கள். மெட்டல் பிரைமர் மெல்லிசாக இரண்டு கோட்டு, பிறகு ஒரு நாள் காயவிடுங்கள். பித்தளை நிறமே பின்புலமாக வேண்டுமென்றால் பிரைமருக்குப் பதில் தெளிந்த லாக்கர் போட்டு, அதன் பளபளப்பை லேசாகத் தேய்த்து எடுத்துவிட்டு வரையுங்கள். லாக்கர் இல்லாத பித்தளை கறுத்துவிடும். உறையை "வி" வடிவக் கட்டையில் துணி விரித்துப் படுக்கவைத்து, சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் வரைந்து, காய்ந்த பிறகு உருட்டுங்கள். நிறுத்தி வைத்து வரைந்தால் நீண்ட சீப்பு வீச்சு பாதியில் நடுங்கும்.

பெட்டி மூடியில் இரண்டு தொல்லை. பழைய பச்சைப் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். ஈரத்தில் தேயுங்கள் அல்லது அப்படியே விட்டு உள்பக்கத்தில் வரையுங்கள். அடுத்தது பைன் கணு: பிசின் கசிந்து, வெள்ளைப் பூச்சு சில மாதத்தில் அங்கங்கே மஞ்சளாகும். கணுவின் மேல் ஷெல்லாக் (அரக்குக் கரைசல்) இரண்டு கோட்டு கொடுத்தபின்தான் ஜெஸ்ஸோ என்கிற வெள்ளை அடிப்பூச்சு. கீவ் கலைஞர்களான ஒலெக்சாந்தர் கிளிமென்கோ, சோஃபியா அட்லாண்டோவா இருவரும் இத்தகைய மூடிகளில் திருவுருவங்கள் வரைந்திருக்கிறார்கள். பலகைகளின் சேர்ப்புகள் அப்படியே தெரியும். நீங்களும் மறைக்காதீர்கள், புட்டி வைத்து நிரவினால் அது எந்தப் பலகையாகவும் ஆகிவிடும்.

முட்டைக்கரு: மஞ்சள் கருவின் மேல்தோலை நீக்கி, அதே அளவு தண்ணீர் கலந்து, தண்ணீரில் குழைத்த நிறப்பொடியோடு சம அளவில் சேருங்கள். கண்ணாடியில் ஒரு வீச்சு போட்டுக் காயவைத்துக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். நாடாவாகச் சுருண்டு வந்தால் பதம் சரி. பொடியாக உதிர்ந்தால் கரு போதவில்லை. கரு அதிகமானால் பிசுபிசுப்பும் பளபளப்பும் வரும்.

நூல்முடிச்சு:
கோட்டுமயில் சொன்னதில் ஒன்றோடு உடன்பட முடியவில்லை. ஆயுதத்தையே வடிவமாக்க முடியும். 1979 சோவியத் படையெடுப்புக்குப் பின் வந்த ஆப்கன் போர்க் கம்பளங்களைப் பாருங்கள்: பூச்சக்கரம் வந்த இடத்தில் ஹெலிகாப்டர், கரையில் வரிசையாக டாங்கிகள். அங்கே ஒட்டுப்போட்டதுபோல இல்லாததற்குக் காரணம், பூவும் டாங்கியும் ஒரே முடிச்சில், ஒரே படிக்கட்டு விளிம்பில் பிறப்பது. அந்தக் கலையின் மிகச் சிறிய அலகு ஆயுதத்தையும் ஏற்றுக்கொண்டது. பெத்ரிகிவ்காவின் அலகு வீச்சு, ஆகவே நேர்விளிம்புள்ள டாங்கி வேண்டாம். ட்ரோன் வரும்: உடல் ஒரு பருத்த மணி வீச்சு, இறக்கைகள் நான்கு சீப்பு வீச்சு. மூன்று மீட்டர் தள்ளி நின்றால் தும்பியாகவும் கிட்டே வந்தால் ட்ரோனாகவும் தெரிய வேண்டும். தூரத்திலேயே ட்ரோன் என்று தெரிந்தால் இறக்கைகளை ஒரே நீளத்தில் போட்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

உக்ரைன் நாட்டுப்புற ஓவியர் மரியா பிரிமாசென்கோவின் வழியும் உண்டு. அவர் பெத்ரிகிவ்காக்காரர் இல்லை, கீவ் பகுதியின் பொலோத்னியா ஊர். 1978-இல் அணுப்போரைச் சபித்து வரைந்தபோது அவர் வரைந்தது குண்டை அல்ல, ஒரு மிருகத்தை.

கோட்டுமயில்:
தும்பி யோசனை சரி, வீச்சின் வழியாக வருவதை நான் மறுக்கவில்லை.

செம்பருத்தி:
நன்றி. மூடிக்குக் கடையில் வாங்கிய அக்ரிலிக் ஜெஸ்ஸோ மேல் முட்டைக்கரு போடலாமா?

பலகைச்சீவல்:
வேண்டாம். அது பிளாஸ்டிக் படலம், முட்டை வண்ணம் பிடிக்காமல் செதிலாக உதிரும். முட்டைக்கு விலங்குப் பசையில் சுண்ணக்கட்டிப் பொடி கலந்த பூச்சுதான். அக்ரிலிக் ஜெஸ்ஸோ என்றால் மேலேயும் அக்ரிலிக். குவாஷ் (காய்ந்த பிறகும் நீரில் கரையும் வண்ணம்) எடுத்தீர்களானால் வார்னிஷைப் பிரஷ்ஷால் பூசாதீர்கள், சிவப்பு கரைந்து வெள்ளையில் இழுபடும். 30 செ.மீ. தள்ளி, மெல்லிசாக மூன்று முறை ஸ்பிரே.