மெல்பர்ன் கப் குதிரைப் பந்தயத்தன்று உங்களுக்கு என்ன ஆச்சு?

வெஸ்ட்மீட் வாசன்

2015. சிட்னியில் எங்களுக்கு அன்று லீவு கிடையாது, ஸ்வீப் மட்டும் உண்டு, அதாவது ஆளுக்கொரு குதிரைச் சீட்டு எடுப்போம், ஜெயித்த குதிரையின் சீட்டுக்குப் பணம். தலைக்கு ஐந்து டாலர், 24 குதிரை, தொப்பிக்குள் சீட்டு. எனக்கு வந்தது பிரின்ஸ் ஆஃப் பென்ஸான்ஸ். ஒன்றுக்கு நூறு விலை, அதாவது யாரும் சீந்தாத குதிரை. அக்கவுண்ட்ஸ் பெண்மணிக்கு வந்தது ஃபேவரிட்டான, அதாவது ஜெயிக்கும் என்று எல்லோரும் நம்பிய ஃபேம் கேம், ஜப்பான் குதிரை. என் சீட்டை எட்டிப் பார்த்தார். "இதைத்தானே ஒரு பெண் ஓட்டுகிறாள்? ஊதா, பச்சை, வெள்ளை. சட்டை அழகாக இருக்கிறது. மாற்றிக்கொள்வோமா?" அவர் வாயை மூடுவதற்குள் மாற்றிக்கொண்டேன். உள்ளுக்குள் சிரிப்பு வேறு.

மூன்று மணி. மொத்த ஆபீஸும் டிவி முன்னால். கடைசி நேர்ப்பாதையில் அந்த ஊதாச் சட்டை முன்னால் வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. 1861இல் தொடங்கிய பந்தயத்தில் முதன்முறையாக ஒரு பெண் ஜெயித்தார், மிஷெல் பெய்ன். எல்லோரும் கத்தினார்கள். அந்தப் பெண்மணி மட்டும் கத்தவில்லை. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். பாதிப் பணம் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். அந்தப் பார்வைதான் இன்னும் போகவில்லை.

கிளேட்டன் நளன்

டிவியில் பார்த்ததற்கே இவ்வளவா, வாசன்? நான் 2014இல் பந்தயம் நடக்கும் ஃபிளெமிங்டன் மைதானத்திலேயே இருந்தேன். ஃபேவரிட் அட்மையர் ரக்தி கடைசியாக வந்து, கொட்டடிக்குப் போனதும் விழுந்து செத்தது. அது எல்லோருக்கும் தெரியும். ஏழாவதாக வந்த அரால்டோவை யாரும் பேசுவதில்லை. ஓடி முடித்துத் திரும்பும்போது வேலியோரம் யாரோ கொடி ஆட்ட, அது மிரண்டு வேலியில் காலை விட்டு உடைத்துக்கொண்டது. அதையும் முடித்துவிட்டார்கள். அன்று என் கையிலும் ஒரு சின்னக் கொடி இருந்தது. நான் ஆட்டவில்லை, அந்தப் பக்கமே நிற்கவில்லை. ஆனாலும் ரயிலில் வரும்போது அதைச் சுருட்டிப் பைக்குள் ஒளித்து வைத்தேன்.

மதுரைக்காரி

எங்கள் வீட்டில் ரேஸ் என்றாலே கெட்ட வார்த்தை. ஊரிலிருந்து வந்த அப்பாவை மெல்பர்ன் மியூசியத்துக்குக் கூட்டிப்போனேன். ஃபார் லாப், 1930 கப் ஜெயித்த குதிரை, கண்ணாடிப் பெட்டிக்குள் உயிரோடு நிற்கிற மாதிரி நிற்கும். அதன் கதை தெரியும்தானே? கப்புக்கு மூன்று நாள் முன்னால் யாரோ துப்பாக்கியால் சுட்டும் தப்பிய குதிரை. 1932இல் கலிஃபோர்னியாவில் செத்தது. இங்கே தோல்தான், இதயம் கான்பெராவில், எலும்புக்கூடு நியூசிலாந்தில் என்று விளக்கினேன். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "பாவம், சொத்து மாதிரி பங்கு போட்டுட்டாங்களா? ஒரே இடத்துல அடக்கம் பண்ணியிருக்கலாமே" என்றார். வெளியே போகும்போது அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

டாண்டினாங் தம்பி

அக்கா, உங்கள் அப்பா சொன்னது சரி. நான் அப்போது டாக்சி ஓடினேன். கப் அன்று இரவு ஏறிய ஒரு பெண், ஒரு கையில் செருப்பு, மறு கையில் இறகு வைத்த தொப்பி, காலெல்லாம் புல். முதல் கப் ஜெயித்த ஆர்ச்சர் என்ற குதிரை நியூ சவுத் வேல்ஸில் உள்ள நௌராவிலிருந்து 800 கிலோமீட்டர் நடந்தே வந்ததாம், தன்னால் ஸ்டேஷன் வரை நடக்க முடியவில்லையாம். சொல்லிச் சொல்லி அழுதார். இறங்கும்போது தொப்பியை மறந்துவிட்டார். திருப்பிக் கொடுக்கப் போனேன், எந்த வீடு என்று தெரியவில்லை. அது இப்பவும் எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே இருக்கிறது.

பழைய பஞ்சாங்கம்

தம்பி, ஆர்ச்சர் நடந்து வந்தது என்பது வெறும் கட்டுக்கதை. சிட்னியிலிருந்து கப்பலில் வந்தது. நடந்தே வந்து 3,200 மீட்டர் (அப்போது இரண்டு மைல்) ஓடி, அடுத்த வருஷமும் ஜெயிக்குமா? கொஞ்சம் யோசியுங்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு: நவம்பர் முதல் செவ்வாய், மெல்பர்னில் பொது விடுமுறை. திங்களன்று லீவு போட்டால் சேர்ந்தாற்போல நான்கு நாள். சாயங்காலம் ஃபிளெமிங்டன் ரயிலில் குழந்தைகளோடு ஏறாதீர்கள். காலையில் வெயில் அடித்தாலும் குடை எடுங்கள். ஹீல்ஸ் வேண்டாம், புல்லில் புதையும். பெட் கட்டியே ஆக வேண்டுமென்றால் தொலைந்தால் கவலைப்படாத பணத்தை மட்டும் கட்டுங்கள். ஜாக்கியின் சட்டை நிறம் பார்த்துக் குதிரை எடுக்காதீர்கள், அது அறிவில்லாத வேலை. ஸ்வீப்பில் வந்த சீட்டை மாற்றவும் மாற்றாதீர்கள்.

என் அனுபவமா? ஒருமுறை போனேன். மழை. குடை இல்லை.

வெஸ்ட்மீட் வாசன்

பஞ்சாங்கம் ஐயா, சட்டை நிறம் பார்த்து எடுத்தவர்தான் ஜெயித்தார். ஜப்பான் குதிரை எத்தனையாவது என்று தனிச்செய்தியில் கேட்டவருக்கு: பதின்மூன்று.