டஸ்டர் 1.5 டீசல்: டைமிங் பெல்ட்டோடு வாட்டர் பம்பையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: பொருநைக்கரை

வணக்கம். என்னிடம் 2014ஆம் ஆண்டில் தயாரான ரெனோ டஸ்டர் 85 பிஎஸ் டீசல் கார் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு சென்னையில் ஒருவரிடமிருந்து இரண்டாம் கையாக வாங்கினேன். இப்போது 78,000 கி.மீ. காட்டுகிறது. முந்தைய உரிமையாளர் தந்த பில்களில் ஆயில், பில்டர், பிரேக் பேட் மாற்றியதற்கான பில்கள் எல்லாம் உள்ளன. டைமிங் பெல்ட் மாற்றியதாக ஒரு வரிகூட இல்லை.

எங்கள் ஊர் மெக்கானிக் மேல் மூடியைத் திறந்து விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "பெல்ட்டில் வெடிப்பு எதுவும் இல்லை, ஒரு லட்சம் ஓடிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார். திருநெல்வேலியில் மற்றொரு பட்டறையில் கேட்டபோது பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்ப் மூன்றையும் உடனே மாற்றச் சொன்னார்கள். பம்பில் ஒழுகல் எதுவும் இல்லை, கூலன்ட் அளவும் குறையவில்லை. அப்படியிருக்க நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பம்பை ஏன் கழற்ற வேண்டும் என்பது எனக்குப் புரியவில்லை.

மாதம் ஒருமுறை அம்மாவைக் கண் சிகிச்சைக்காக மதுரைக்கு இந்தக் காரில்தான் அழைத்துச் செல்கிறேன். நடுவழியில் நின்றுவிடக் கூடாது என்ற கவலை இருக்கிறது. தேவையில்லாத செலவையும் செய்ய முடியாது. இந்த வேலையை அறிந்தவர்கள் காரணத்தோடு விளக்கினால் உதவியாக இருக்கும். வெளிப் பட்டறையில் செய்வதானால் நான் எதையெல்லாம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: பட்டறை மேசை

வணக்கம் ஐயா. டீசல் எஞ்சின் வேலையில் நெடுநாள் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் காரில் இருப்பது கே9கே எனப்படும் 1,461 சிசி எஞ்சின். ஒரகடத்தில் தயாரான டஸ்டரில் மட்டுமன்றி டெரானோ, டீசல் சன்னி, டீசல் மைக்ரா, லாட்ஜி, லோகன், அதன் பின் வந்த வெரிட்டோ ஆகியவற்றிலும் இதே எஞ்சின் குடும்பம்தான் இருந்தது. ஆகவே உதிரிபாகம் கிடைப்பதில் சிரமம் இராது. வேலை தெரிந்தவர்களும் பல ஊர்களில் உண்டு.

உங்கள் ஊர் மெக்கானிக் அப்படிச் சொன்னதற்கு ஒரு பின்னணி இருக்கலாம். நம் பக்கத்தில் அதிகம் ஓடிய டீசல் கார்கள் ஸ்விஃப்டும் டிசையரும். அவற்றின் 1.3 லிட்டர் எஞ்சினில் டைமிங் செயின் இருப்பதால், குறித்த காலத்தில் பெல்ட் மாற்றும் வழக்கமே அந்த வண்டிகளுக்கு இல்லை. கே9கேயில் இருப்பது ரப்பர் பெல்ட். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டிலிருந்து, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட், உயர் அழுத்த டீசல் பம்ப், வாட்டர் பம்ப் ஆகிய மூன்றையும் அந்த ஒரே பெல்ட்தான் சுழற்றுகிறது. பெல்ட் அறுந்தாலோ, பற்கள் உதிர்ந்தாலோ, சில பற்கள் தாவினாலோ, கேம் ஷாஃப்ட் நின்றோ நிலை பிசகியோ போக, பிஸ்டன்கள் மேலே வந்து, திறந்த நிலையில் இருக்கும் வால்வுகளை இடிக்கும். எஞ்சின் 2,000 ஆர்பிஎம்மில் சுழலும்போது ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 1,000 முறை திறந்து மூடுகிறது. பெல்ட் போன நொடியில் ஓட்டுநர் காலை எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதன் பிறகு வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்கி வால்வுகளை மாற்றாமல் வண்டி கிளம்பாது.

பெல்ட்டைக் கண்ணால் பார்த்து அதன் ஆயுளைச் சொல்ல முடியாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முன்காலத்து ரப்பரில் வெடிப்பு தெரியும். இப்போதைய பெல்ட்கள் வெப்பத்தையும் எண்ணெயையும் கூடுதலாகத் தாங்கும் ஒருவகை நைட்ரைல் ரப்பரில் ஆனவை. உள்ளே கண்ணாடி இழைக் கயிறுகள் ஓடுகின்றன. மேற்பரப்பு புதிது போலவே இருக்கும்போது உள்ளே இழைகள் தளர்ந்திருக்கும், பற்களின் அடிப்பகுதி களைத்திருக்கும். மேல் மூடியைத் திறந்தால் தெரிவதும் பெல்ட்டின் ஒரு சிறு பகுதிதான்.

கிலோமீட்டர் கணக்கை மட்டும் நம்புவதும் சரியாகாது. சென்னை நெரிசலில் சராசரியாக மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஓடிய வண்டி 78,000 கி.மீ. கடக்க 3,900 மணி நேரம் ஓடியிருக்கும். நெடுஞ்சாலையில் 60 கி.மீ. சராசரியில் ஓடியிருந்தால் 1,300 மணி நேரம் போதும். மீட்டர் இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும், பெல்ட்டின் உழைப்போ மூன்று மடங்கு வேறுபடுகிறது. இதனால்தான் தயாரிப்பாளர்கள் கிலோமீட்டரோடு ஆண்டுக் கணக்கையும் தந்து, எது முன்னே வருகிறதோ அப்போது மாற்றச் சொல்கிறார்கள். இதே எஞ்சினுக்கு நாட்டுக்கு நாடு, ஆண்டுக்கு ஆண்டு இந்த அளவு மாற்றி அச்சிடப்பட்டிருப்பதால், உங்கள் சேசிஸ் எண்ணைக் கொடுத்து அந்த வண்டிக்கு உரிய அளவைச் சர்வீஸ் சென்டரில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பத்து ஆண்டு தாண்டியும் பெல்ட் மாற்றிய பில் இல்லாத வண்டிக்கு அந்த விடை வரும்வரைகூடக் காத்திருக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

இனி வாட்டர் பம்ப். பம்பை எட்ட வேண்டுமானால் முன் வலது சக்கரம், உள் மட்கார்டு, ஆல்டர்னேட்டர் பெல்ட், கிராங்க் புல்லி, மூடிகள் எல்லாவற்றையும் கழற்றி, எஞ்சினைக் கீழிருந்து முட்டுக்கொடுத்துத் தாங்கி, வலப்பக்க மவுண்டிங்கையும் எடுக்க வேண்டும். பெல்ட் மாற்றச் செய்யும் அதே வேலைதான் இது. இன்று பம்பை விட்டுவைத்து அடுத்த ஆண்டு அது ஒழுகினால் இதே கூலியை மறுபடியும் கொடுப்பீர்கள். கூலன்ட் நனைத்த புதுப் பெல்ட்டையும் தூக்கிப் போட வேண்டிவரும். பம்பின் பேரிங் இறுகினால் நிலைமை இன்னும் மோசம், அது பெல்ட்டையே கொண்டுபோய்விடும்.

பதில்: கொங்குச் சாலை

மேலே சொன்னதில் ஒரு பகுதியை மட்டும் மறுக்கிறேன். என் டெரானோவில் பெல்ட்டையும் டென்ஷனரையும் மாற்றியபோது பம்பைக் கையால் சுழற்றிப் பார்த்தோம். ஆட்டமும் இல்லை, உரசலும் இல்லை. எனவே அதை அப்படியே விட்டோம். அதன் பிறகு 50,000 கி.மீ. கடந்தும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. வண்டியோடு வந்த பம்ப் தரமானது. அதை எடுத்துவிட்டுக் கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு பம்பைப் பொருத்தி ஆறே மாதத்தில் அவதிப்பட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். பழையது என்ற காரணத்துக்காகவே நல்ல பொருளை எறிவது எனக்கு உடன்பாடில்லை.

பதில்: பட்டறை மேசை

தரமற்ற புதுப் பம்பைவிட நல்ல பழைய பம்ப் மேல் என்பதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதிலிருந்து கிடைக்கும் முடிவு நல்ல பம்பாக வாங்க வேண்டும் என்பதுதான். கேட்ஸ், காண்டினென்டல், எஸ்கேஎஃப், ஐஎன்ஏ போன்ற நிறுவனங்கள் பெல்ட், டென்ஷனர், பம்ப் மூன்றையும் ஒரே பெட்டியில் செட்டாக விற்கின்றன. போலிகள் நிறைய உலவுவதால் ஜிஎஸ்டி பில் தரும் கடையில் வாங்கி, பெட்டியைத் தங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள்.

கையால் சுழற்றிப் பார்க்கும் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. கையில் பம்ப் சுழல்வது சுமையில்லாமல், குளிர்ந்த நிலையில். எஞ்சினிலோ இறுக்கிய பெல்ட் அதன் அச்சை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கிறது, உள்ளே கொதிநிலைக்கு அருகில் கூலன்ட் ஓடுகிறது. தளர்ந்த பழைய பெல்ட்டோடு பழகிய பேரிங்கின் மேல் புது டென்ஷனரின் முழு இழுப்பும் வந்து விழும்போதுதான் அதன் உண்மையான நிலை வெளிப்படும். தங்கள் பம்ப் தாக்குப்பிடித்தது மகிழ்ச்சி. ஆயினும் கேள்வி கேட்டவரின் வண்டியின் பழைய வரலாறு நமக்குத் தெரியாது. முந்தைய உரிமையாளர் கூலன்ட்டுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீர் ஊற்றியிருந்தால், பம்பில் கசிவைத் தடுக்கும் சீலின் முகம் எப்படித் தேய்ந்திருக்கும் என்பதை வெளியிலிருந்து அறிய வழியில்லை.

பதில்: காவிரி வடகரை

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். வேறொரு டீசல் காரில், ஒரு வெளிப் பட்டறையில் பெல்ட்டை மட்டும் மாற்றினோம். பம்பையும் மாற்றலாமா என்று நான் கேட்டதற்குத் தேவையில்லை என்றார்கள், நானும் வற்புறுத்தவில்லை. பதினான்கு மாதம் கழித்து விராலிமலை தாண்டிச் செல்லும்போது முன்புறம் கீச்சென்ற சத்தம் கேட்டது. ஓரம் கட்டுவதற்குள் எஞ்சின் நின்றுவிட்டது. திருச்சிக்கு இழுத்துச் சென்று பிரித்தபோது பம்பின் பேரிங் இறுகிப்போய், புதுப் பெல்ட்டின் பற்கள் வரிசையாகச் சீவப்பட்டிருந்தன. எட்டு வால்வுகளில் ஆறு வளைந்திருந்தன. ஹெட் வேலை முடிந்து வண்டி வர 23 நாட்கள் ஆயின. அந்தச் செலவில் பம்போடு சேர்த்து ஐந்து முறை பெல்ட் மாற்றியிருக்கலாம். தாயாரை அழைத்துச் செல்லும் வண்டி என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே தயங்காமல் மாற்றிவிடுங்கள்.

பதில்: பட்டறை மேசை

ஐயா, பட்டறையில் சரிபார்க்க வேண்டியவற்றைக் கேட்டிருந்தீர்கள். முதலாவதாக, இந்த எஞ்சினுக்குரிய டைமிங் ஊசிகள் அவர்களிடம் இருக்கின்றனவா என்று கேளுங்கள். ஒன்று கிராங்க் ஷாஃப்டை உரிய நிலையில் நிறுத்தும், மற்றொன்று கேம் புல்லியின் துளை வழியாக ஹெட்டுக்குள் செல்லும். பழைய பெல்ட்டின் மேல் வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டு அதைப் பார்த்து மாற்றிவிடுவோம் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். அந்த ஊசிகள் நிலையைக் காட்டத்தான். கிராங்க் போல்ட்டை இறுக்கும் விசையை அவற்றின் மேல் ஏற்றினால் ஊசியும் கெடும், நிலையும் பிசகும்.

கிராங்க் புல்லியின் போல்ட்டை டார்க் ரெஞ்சில் குறித்த அளவு இறுக்கிய பிறகு, மேலும் குறித்த டிகிரி திருப்ப வேண்டும். அப்போது போல்ட் சற்றே நீள்கிறது, அந்த நீட்சிதான் புல்லியைப் பிடித்து வைக்கிறது. ஒருமுறை அப்படி நீண்ட போல்ட்டை மறுபடியும் போடக் கூடாது. செட்டில் புது போல்ட் இல்லையென்றால் தனியே வாங்கித் தாருங்கள். விலை சிறிது, காரியம் பெரிது.

பெல்ட்டை இறுக்குவது எஞ்சின் நன்கு ஆறிய பிறகுதான். டென்ஷனரின் முள்ளைக் குறியில் நிறுத்தி, ஊசிகளை எடுத்துவிட்டு, கிராங்க்கை அது ஓடும் திசையிலேயே ஸ்பேனரால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். கேம் ஷாஃப்ட் பாதி வேகத்தில் சுழல்வதால் இரண்டு சுற்றுக்குப் பிறகே எல்லாம் பழைய இடத்துக்கு வரும். அப்போது ஊசிகள் தடையின்றி உள்ளே போக வேண்டும், முள்ளும் குறியில் நிற்க வேண்டும். சுற்றும்போது எங்காவது தடை தட்டினால் அங்கேயே நிறுத்த வேண்டும். ஸ்டார்ட்டரைத் தட்டிப் பார்ப்பது கூடவே கூடாது. பெல்ட்டின் மேலுள்ள கோடுகள் இரண்டு சுற்றுக்குப் பின் புல்லியின் குறிகளோடு சேராது. பார்த்துப் பதற வேண்டாம், அது இயல்பு.

திறந்த கையோடு கிராங்க், கேம் ஆயில் சீல்களையும் பார்க்கச் சொல்லுங்கள். கசியும் எண்ணெய் பெல்ட்டின் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். ஆல்டர்னேட்டர் பெல்ட்டையும் புதிதாகப் போடுங்கள், ஏனெனில் அது நைந்து பிரியும்போது அதன் இழைகள் கிராங்க் புல்லியின் பின்னால் சுற்றிக்கொண்டு டைமிங் மூடிக்குள் நுழைந்து, நல்ல டைமிங் பெல்ட்டையே தாவவைத்த வண்டிகள் உண்டு. இந்த எஞ்சினில் நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான்.

கடைசியாகக் கூலன்ட். பச்சை, சிவப்பு என்று நிறத்தை மட்டும் பார்த்து ஊற்றாமல், கையேட்டில் குறித்த வகையைக் கனிமம் நீக்கிய நீரோடு கலந்து ஊற்றி, காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும். உள்ளே காற்றுக்குமிழி தங்கினால், இந்த எஞ்சினின் ஹெட் அலுமினியம் என்பதால், சூடேறி வளையும். ஹீட்டரை முழுதாக வைத்துப் பாருங்கள். சீராக வெப்பக் காற்று வந்தால் கூலன்ட் சுற்றுகிறது என்று பொருள்.

கேள்வி கேட்டவர்: பொருநைக்கரை

அனைவருக்கும் நன்றி. சென்ற வாரம் வேலை முடிந்தது. ஊசிகளை வைத்திருந்த திருநெல்வேலிப் பட்டறையிலேயே கொடுத்து, ஒரு நாள் முழுவதும் அருகில் இருந்தேன். பெல்ட், டென்ஷனர், பம்ப், ஆல்டர்னேட்டர் பெல்ட், கிராங்க் போல்ட், கூலன்ட் எல்லாம் புதிது. இரண்டு சுற்றுச் சுற்றி ஊசிகள் மறுபடியும் போனதை என் கண்ணால் பார்த்தேன்.

கழற்றிய பழைய பெல்ட்டில் உண்மையிலேயே ஒரு வெடிப்பும் தெரியவில்லை. ஆனால் பம்பைக் கழற்றிப் பார்த்தபோது, சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவே இருக்கும் சிறு துளைக்குக் கீழே கூலன்ட் வழிந்து காய்ந்த வெண்ணிறத் தடம் இருந்தது. எஞ்சினின் சூட்டில் அவ்வப்போது காய்ந்துவிட்டதால் ஒழுகியது எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது என்று விளக்கினார்கள். கொங்குச் சாலை நண்பர் சொன்னபடி கையால் சுழற்றியும் பார்த்தேன். ஆட்டம் எதுவும் இல்லை, உரசல் மட்டும் விரலுக்குத் தெரிந்தது.

மதுரைக்கு ஒருமுறை போய் வந்துவிட்டோம். மறுநாள் காலை எஞ்சின் ஆறியிருந்தபோது கூலன்ட் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது, ஊற்றி நிரப்பினேன். அதன் பிறகு மூன்று நாட்களாகக் குறியிலேயே நிற்கிறது. மாற்றிய தேதியையும் 78,640 கி.மீ. என்ற அளவையும் எழுதி மூடியின் மேல் ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.